தலைக்கு மேல் வேலை இருக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலையில் சேர்பவர்களுக்குப் பயிற்சி தருவது என் பொறுப்புகளில் ஒன்று. வகுப்பில் கேட்கும் கேள்விகளைவிட, வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு தயங்கி நின்று கேட்கும் கேள்விகள்தான் எப்போதும் அதிகம். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்களின் பாணியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சுட்டுவதால் எண் போட்டிருக்கிறேன்.

1. கெடு நெருங்கினால்தான் எனக்கு வேலையே ஓடுகிறது. அப்படியென்றால் அழுத்தம் நல்லதுதானே?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1908இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலிகள் வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியக் கற்க வேண்டும். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் மின்னதிர்ச்சி. வேறுபாடு பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சியைக் கூட்டக் கூட்ட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு மங்கலாக இருந்தபோது, அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டியதும் கற்கும் வேகம் குறைந்துவிட்டது.

எலிக்குப் பொருந்தியது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். படிவம் நிரப்புவது, பதில் அனுப்புவது, கோப்புகளை ஒழுங்குபடுத்துவது போன்ற பழகிய வேலைகள் நெருக்கடியில் உண்மையிலேயே வேகமாக ஓடும். யோசித்து முடிவெடுக்க வேண்டிய வேலை அப்படி ஓடாது, ஓடுவதுபோலத் தோன்றும். கடைசி நேரத்தில் முடித்த திருப்தி உங்களுக்கு நினைவிருக்கும். அதிலிருந்த பிழைகளைத் திருத்தியவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.

2. நன்றாகத் தெரிந்த விஷயம்கூட அவசரத்தில் மறந்து போகிறதே, ஏன்?

மூளை அப்போது வேறொரு காரியத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆபத்து என்று உடல் கருதியதும் அட்ரினலின் பாய்கிறது. சற்றுப் பின்னால் கார்ட்டிசால் வருகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடவும் அடிக்கவும் இது உதவும். ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, அதாவது திட்டமிடுவது, ஒப்பிடுவது, பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்துவது ஆகியவற்றைச் செய்யும் பகுதி, இந்த வேதிப்பொருள்கள் மிகும்போது மந்தமாகிவிடுகிறது. பழக்கத்தில் ஊறிய செயல்கள் மட்டும் தடையின்றி நடக்கின்றன.

அமைதியாக இருக்கும்போதே நாம் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கக்கூடியவை ஏறத்தாழ 4 விஷயங்கள்தான் என்பது உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எடுத்துவைத்த கணிப்பு. பதற்றத்தில் ‘என்ன ஆகுமோ’ என்ற பயமே அதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் யோசனைகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன: நெருக்கடியில் முதலில் பறிபோவது முடிவெடுக்கும் திறன். ஆகவே முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அது இயலாவிட்டால் காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டு எடுங்கள்.

3. ஐந்தாறு வேலைகள் ஒன்றாக வந்து நிற்கின்றன. எல்லாமே அவசரம் என்கிறார்கள். எதை முதலில் எடுப்பது?

முதலில் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். மின்னஞ்சலில் கொஞ்சம், குறுஞ்செய்தியில் கொஞ்சம், மண்டைக்குள் கொஞ்சம் என்று சிதறியிருக்கும்வரை அவை ஆறு வேலைகளாகத் தெரியாது, அறுபதாகத் தெரியும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள். இது தாமதமானால் யாருடைய கை கட்டிப்போடப்படும்? தாமதத்தின் விளைவைப் பின்னால் சரிசெய்ய முடியுமா? இன்றைக்கு இதில் குறைந்தபட்சம் எவ்வளவு செய்தால் போதும்?

ஓர் எடுத்துக்காட்டு. காலை பத்து மணிக்கு ஒருவர் மேசையில் நான்கு வேலைகள் இருக்கின்றன: மாலைக்குள் வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய அறிக்கை, சக ஊழியர் கேட்ட ஒரு கணக்கு விவரம், நாளைய கூட்டத்துக்கான படவில்லைகள், மேலாளர் ‘உடனே பார்க்கவும்’ என்று அனுப்பிய ஒரு புகார். மனம் புகாரை நோக்கித்தான் ஓடும், அனுப்பியவர் பெரியவர் என்பதால். ஆனால் கணக்கு விவரம் பத்து நிமிட வேலை. அது வராமல் சக ஊழியர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அது முதலில். அடுத்து, புகாருக்கு ‘பார்த்துவிட்டேன், மூன்று மணிக்குள் விவரம் தருகிறேன்’ என்று ஒரு வரி. மேலாளருக்கு அந்த நிமிடம் தேவைப்பட்டது பெரும்பாலும் அந்த வரிதான். பிறகு அறிக்கை. படவில்லைகள் நாளைய காரியம். வரிசைப்படுத்தியதும் பத்தே கால் மணிக்கு மேசையில் மிஞ்சுவது ஒரே ஒரு பெரிய வேலை.

முக்கியமா அவசரமா என்று நான்கு கட்டம் போட்டுப் பிரிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் எனக்குள்ள குறை, நெருக்கடியில் இருப்பவர் எல்லாவற்றையும் ‘முக்கியம், அவசரம்’ என்ற முதல் கட்டத்திலேயே போட்டுவிடுவார். ‘யார் காத்திருக்கிறார்கள்’ என்ற கேள்வியை அப்படி ஏமாற்ற முடியாது.

4. பட்டியல் எழுத உட்கார்ந்தால் அதற்கே நேரம் போய்விடுமே?

ஐந்து நிமிடம் போகும். அந்த ஐந்து நிமிடமும் இல்லாத அளவுக்கு அவசரம் என்றால் வீடு தீப்பிடித்திருக்க வேண்டும். வண்ணம் தீட்டி, செயலியில் ஏற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டி அழகு பார்ப்பதென்றால் நீங்கள் சொல்வது சரி. அது வேலையைத் தள்ளிப்போடும் நாசூக்கான வழி. பேனாவும் தாளும் போதும்.

5. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது திறமை இல்லையா? என் சீனியர் அப்படித்தான் செய்கிறார்.

பார்ப்பதற்கு அப்படித் தெரியும். உண்மையில் அவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கிறார். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை ஆராய்ந்தார்: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் புதியதில் செயல்திறன் குறைகிறது. உங்கள் சீனியருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் பழக்கம். அவருடைய இரண்டு வேலைகளில் ஒன்று யோசிக்கத் தேவையில்லாததாக மாறியிருக்கும்.

மாறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எல்லோருக்கும் வரும். அப்போது எழுந்திருக்கும் முன் ஒரு வரி எழுதி வையுங்கள். ‘மூன்றாம் பக்க அட்டவணை வரை சரிபார்த்தாயிற்று, அடுத்தது நான்காம் பக்கம், மார்ச் மாத மொத்தம் இடிக்கிறது.’ இவ்வளவுதான். திரும்பி வரும்போது ‘எங்கே விட்டோம்’ என்று துழாவும் நேரம் மிச்சமாகும். ‘அறிக்கை பாக்கி’ என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை. கை அடுத்து எங்கே போக வேண்டும் என்பது அந்த வரியில் இருக்க வேண்டும்.

6. வேலையில் மூழ்கியிருக்கும்போது யாராவது வந்து ஏதாவது கேட்கிறார்கள். முகத்தில் அடித்தாற்போல் அனுப்ப முடியவில்லை. என்ன செய்வது?

அனுப்ப வேண்டாம், நேரம் குறித்துக் கொடுங்கள். ‘பதினொன்றரைக்கு நானே உங்கள் இடத்துக்கு வருகிறேன்’ என்பது மறுப்பாகத் தோன்றாது. சொன்னபடி போக வேண்டும், அவ்வளவே. இரண்டு முறை போகாமல் விட்டால் மூன்றாம் முறை உங்கள் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை.

குழுவாகச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. விமானப் போக்குவரத்தில் இதற்கு விதியே இருக்கிறது. 1981இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கொண்டுவந்த விதிப்படி, விமானம் தரையில் நகரும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், விமானிகள் பறத்தலுக்குத் தொடர்பில்லாத பேச்சைப் பேசக் கூடாது. ஊர்க்கதை பேசும் ஆர்வத்தில் கவனம் சிதறி நடந்த விபத்துகளே அந்த விதிக்குக் காரணம். ‘காலை பத்து முதல் பதினொன்றரை வரை யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்’ என்று உங்கள் குழுவும் பேசிவைத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் என்று வைத்தால் நிலைக்காது.

7. நான் சொல்லும் நாளில் ஒரு வேலையும் முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் நேரம் குறைவாகவே கணக்குப் போடுகிறேன்.

நீங்கள் மட்டுமில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே ஏறுமாறாகப் போனால்? 49 நாள். உண்மையில் முடிக்க ஆனது 55 நாள்களுக்கு மேல். மோசமான நிலையைக் கற்பனை செய்யச் சொன்னபோதும் நிஜத்தை எட்ட முடியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆகவே எதிர்காலத்தைக் கற்பனை செய்வதை விட்டுவிட்டு, கடந்ததைப் பாருங்கள். இதே மாதிரி வேலை சென்ற முறை எத்தனை நாள் பிடித்தது? அந்த எண்ணைச் சொல்லுங்கள். ‘இந்த முறை அப்படி ஆகாது’ என்று மனம் முணுமுணுக்கும். சென்ற முறையும் அது அப்படித்தான் முணுமுணுத்தது.

8. கெடு தவறப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது?

தெரிந்த அன்றே. கடைசி நாள்வரை காத்திருப்பவர்கள் சொல்லும் காரணம், ‘எப்படியாவது முடித்துவிடலாம் என்று நினைத்தேன்’. அந்த நினைப்பின் தரத்தை 7ஆம் பதிலில் பார்த்தோம். நான்கு நாள் முன்னால் சொன்னால் மேலாளருக்கு வழிகள் இருக்கும்: இன்னோர் ஆளைச் சேர்க்கலாம், வேலையின் அளவைக் குறைக்கலாம், வாடிக்கையாளரிடம் பேசலாம். கெடுவன்று மாலை சொன்னால் கோபப்படுவதைத் தவிர அவருக்கு வேறு வழியே இல்லை.

சொல்லும் முறை முக்கியம். ‘சார், கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கிறது’ என்பது தகவல் இல்லை. கேட்பவருக்குப் பதற்றத்தை மட்டும் கைமாற்றுகிறது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வெள்ளிக்கிழமைக்குள் முழு அறிக்கையும் முடியாது. முதல் மூன்று பகுதிகள் தயார். நான்காவதற்கு வர வேண்டிய தரவு நேற்றுத்தான் வந்தது. வெள்ளியன்று மூன்று பகுதிகளைத் தந்துவிட்டு நான்காவதைச் செவ்வாயன்று தரலாம். அல்லது தரவு சரிபார்க்க ஒருவர் உதவினால் வெள்ளியன்றே எல்லாம் முடியும். எது வசதி?’ சாக்கு இல்லை, கெஞ்சல் இல்லை. அவர் முடிவெடுக்க வேண்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன.

9. ஏற்கெனவே கை நிறைய வேலை. மேலும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ‘முடியாது’ என்றால் சோம்பேறி என்று பெயர் வாங்க மாட்டேனா?

வெறும் ‘முடியாது’ என்றால் வாங்கலாம். 3ஆம் பதிலில் எழுதிய தாளை எடுத்துப்போய்க் காட்டுங்கள்: ‘இப்போது இந்த நான்கும் என்னிடம் இருக்கின்றன. இதைச் சேர்த்தால் எதைப் பின்னால் தள்ளட்டும்?’ முடிவு அவருடையதாகிறது. பல மேலாளர்களுக்கு உங்களிடம் என்னென்ன இருக்கின்றன என்பதே தெரிந்திருக்காது. தெரிந்தும் ‘எல்லாவற்றையும் முடி’ என்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி 15ஆம் கேள்வியில்.

10. ஓர் இரவு விழித்து முடித்துவிட்டால் தொல்லை தீருமே?

ஏ.எம். வில்லியம்சன், ஆன்மேரி ஃபேயர் ஆகிய இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கோ அதைவிட மோசமாகவோ இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்கான மது வரம்பே அதுதான். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் நள்ளிரவில் அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். அதற்கு மேல் செய்யும் வேலையை மறுநாள் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தவிர்க்கவே முடியாத இரவும் வரும். அன்று, யோசிக்க வேண்டியதை முன்னிரவிலேயே முடித்துவிட்டு, இயந்திரத்தனமான வேலையைப் பின்னிரவுக்கு வையுங்கள். அனுப்புவதை மட்டும் தூங்கி எழுந்த பிறகு. காபியைப் பற்றியும் கேட்பார்கள்: காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக் காபி இரவு பதினொன்றுக்கும் பாதி உங்களுக்குள் இருக்கும்.

11. முக்கியமான கூட்டத்துக்கு முன் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. உடனே அடங்க என்ன செய்வது?

மூச்சை மெதுவாக்குங்கள்; உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கட்டும். நாம் மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகிறது. அதை நீட்டுவதால் பலன் கிடைக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் போதும். யாருக்கும் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

படபடப்பு முழுவதும் அடங்க வேண்டும் என்று போராடாதீர்கள். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், பேசப்போகும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். துடிக்கும் நெஞ்சிடம் அமைதி என்று சொன்னால் அது நம்புவதில்லை போலும்.

அடிக்கடி, காரணமே இல்லாமல் இப்படி வந்தாலோ, நெஞ்சு வலியும் சேர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மூச்சுப் பயிற்சி அதற்கு மாற்று ஆகாது.

12. அவசரத்தில் சின்னச் சின்னத் தவறுகள் செய்கிறேன். இணைப்பை விட்டு மின்னஞ்சல் அனுப்புவது, பழைய கோப்பை அனுப்புவது. இதற்கு மருந்து உண்டா?

உண்டு: சரிபார்ப்புப் பட்டியல். 1935 அக்டோபர் 30 அன்று, போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனையின்போது மேலேறியவுடன் விழுந்து நொறுங்கியது. இயந்திரக் கோளாறு இல்லை. நிறுத்தியிருக்கும்போது காற்றில் ஆடாதபடி வால் பகுதியைப் பூட்டிவைக்கும் அமைப்பை விடுவிக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். விமானிகளுக்கான எழுத்துப் பட்டியல் வழக்கமானது அதற்குப் பிறகுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைசிகிச்சைப் பட்டியலை 8 மருத்துவமனைகளில் சோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது.

நீங்கள் அடிக்கடி செய்யும் நான்கைந்து தவறுகளை மட்டும் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இணைப்பு சேர்ந்ததா, கோப்பில் தேதி சரியா, பெறுநர் பெயர் சரியா. இருபது வரிகள் எழுதினால் மூன்றாம் நாளே படிக்க மாட்டீர்கள். பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்பும் பழக்கம் ஒன்றே பல சங்கடங்களைத் தடுக்கும்.

13. பக்கத்து மேசைக்காரருக்கும் இதே வேலைதான். அவர் அசராமல் இருக்கிறார். நான்தான் பலவீனமானவனா?

வேலையின் பெயர் ஒன்றாக இருக்கலாம்; அதன்மீது இருக்கும் பிடி ஒன்றாக இருக்காது. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த விளக்கம் இது: வேலைப்பளு மட்டும் ஆளை நசுக்குவதில்லை, பளு அதிகமாகவும், எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் மிக மோசமாக நசுக்குகிறது. பக்கத்து மேசைக்காரர் தன் வரிசையைத் தானே முடிவு செய்பவராக இருக்கலாம். உங்களுக்கு மணிக்கொரு முறை வரிசை மாறிக்கொண்டிருக்கலாம். அல்லது அவரும் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்கிறவராக இருக்கலாம்.

14. வீட்டுக்குப் போன பிறகும் வேலை மண்டைக்குள் சுற்றுகிறது. தூக்கம் வருவதில்லை.

முடியாத வேலை மனத்தை அரிக்கும். முடிந்ததை மனம் விட்டுவிடும். புளூமா செய்கார்னிக் 1927இல் வெளியிட்ட சோதனையிலும், இடையில் நிறுத்தப்பட்ட பணிகளே முடித்தவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. இதற்கு உபயோகமான ஒரு தொடர்ச்சி 2011இல் வந்தது: மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர், வேலையை முடிக்காமலேயே, எப்போது எப்படி முடிப்போம் என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தாலே அந்த நச்சரிப்பு குறைகிறது என்று காட்டினார்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முன், 5ஆம் பதிலில் சொன்ன ஒரு வரியைப் பாக்கி உள்ள ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள், கூடவே நேரத்தையும். ‘நாளை ஒன்பதரைக்கு, முதல் வேலையாக, மார்ச் மொத்தம்.’ படுக்கையில் நினைவு வந்தால் பக்கத்தில் இருக்கும் தாளில் குறித்துவிடுங்கள். கைபேசியில் வேண்டாம், குறிக்கப் போனவர் மின்னஞ்சலுக்குள் போய்விடுவார்.

15. நீங்கள் சொல்வது ஒரு வாரம் இரண்டு வாரத்துக்குச் சரி. எங்களுக்கு வருடம் முழுவதும் இதே நிலைதான். அப்போது?

அப்போது இந்தப் பக்கம் உங்களுக்குப் பாதிதான் உதவும். தொடர்ந்து எல்லாமே அவசரம் என்றால் ஆள் போதவில்லை, அல்லது திட்டமிடுபவர் திட்டமிடவில்லை. உங்கள் மூச்சுப் பயிற்சியால் அது தீராது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம்.

மூன்று அடையாளங்களைக் கவனியுங்கள்: ஓய்வெடுத்தும் தீராத அசதி, வேலைமீதும் அதிலுள்ள மனிதர்கள்மீதும் ஒருவித வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற உணர்வு. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் இந்த மூன்றைக் கொண்டுதான் விவரிக்கிறது. அதை ஒரு நோயாக வகைப்படுத்தாமல், சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே குறிப்பிடுகிறது. நான்கு வாரங்களுக்கு உங்கள் வேலை நேரத்தைக் குறித்துவைத்து, அந்தத் தாளோடு போய்ப் பேசுங்கள். பேசியும் மாறாவிட்டால் வேறு இடம் தேடுவதில் தப்பில்லை. ஆனால் மிக மோசமான வாரத்தின் வெள்ளி மாலையில் ராஜினாமா எழுதாதீர்கள். 2ஆம் பதில் அதற்கும் பொருந்தும்.

16. பட்டியல், திட்டம் என்கிறீர்கள். ஆனால் நிஜமான நெருக்கடியில் கெட்டிக்காரர்கள் அதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுத்தானே சாதிக்கிறார்கள்?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தைச் சொல்வார்கள். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய விமானம் சுமார் 2,800 அடி உயரத்தில் பறவைக் கூட்டத்தில் மோதி, இரண்டு இயந்திரங்களும் உந்துவிசையை இழந்தன. ஆற்றில் இறங்குவதற்குள் இருந்தது ஏறத்தாழ மூன்றரை நிமிடம். இரண்டு இயந்திரங்களும் செயலிழந்தால் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் மூன்று பக்கம். அதிக உயரத்தில், நிறைய நேரம் இருக்கும் என்று கருதி எழுதப்பட்டது. அதை முடிக்க முடியவில்லை என்பது உண்மை. கேப்டன் சல்லன்பெர்கர், பட்டியலில் வெகு பின்னால் வரும் துணை மின் இயந்திரத்தை உடனே இயக்கினார். கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு மின்சாரம் தொடர்ந்து கிடைக்க அது உதவியது. விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள்.

ஆனால் பட்டியலை யாரும் தூக்கிப்போடவில்லை. கேப்டன் விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். துணை விமானி ஸ்கைல்ஸ் பட்டியலை எடுத்து, முடிந்தவரை செய்துகொண்டே வந்தார். யார் எதைச் செய்வது என்பதில் அவர்களுக்கு ஒரு நொடி விவாதமும் தேவைப்படவில்லை. ஒரு படியை முன்னால் இழுக்கலாம் என்று துணிந்தவருக்குப் பல்லாயிரம் மணி நேரப் பறத்தல் அனுபவம் இருந்தது. உங்கள் வேலையில் எந்தப் படி எதற்காக இருக்கிறது என்பது அந்த அளவுக்குத் தெரிந்தால் நீங்களும் வரிசையை மாற்றலாம். அதுவரை இணைப்பு சேர்ந்ததா என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள்.